ஏழாம் நம்பர் கொடியின் பெண்பூ

எங்கள் விதைத் தோட்டத்தில் வரும் ஆவணியில் இரண்டு பெண்கள் புதிதாக வேலைக்குச் சேருகிறார்கள். அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள, பூசணியில் கிராஸ், அதாவது கலப்பு, செய்யும் வேலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி அண்ணாச்சி சொன்னார். அண்ணாச்சிதான் தோட்டத்து முதலாளி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, தண்ணீர் சப்ளை செய்கிறவர்.

"வேலைய எழுது செலினு. அழுகைய எழுதிராத" என்றார்.

இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நான் வேலைக்கு வந்து இரண்டு பூப் பருவம்தான் ஆகியிருக்கிறது. அனுபவம் என்று சொல்லிக்கொள்ள அது போதுமா என்று தெரியவில்லை. ஆனால் இந்த வேலையில் செய்யக்கூடிய பெரிய தவறு ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதைச் செய்யாத ஒருவர் எழுதினால் இந்தக் குறிப்பு இன்னும் சுத்தமாக இருக்கும். பயன்படுமா என்பது வேறு.

முதல் நாள் அறுத்த காய்

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. ஒரு புரட்டாசி மாதத்தில், ஆத்தூர்ப் பக்கம் ஆற்றோரமாக இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு நான் முதன்முதலாக வந்தேன். என் மகள் அமலிக்கு அப்போது ஏழு மாதம். அவளை மணப்பாட்டில் என் மதினியிடம் விட்டிருந்தேன். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவளுடைய மகனும் அமலியும் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் தானே பால் கொடுத்துக்கொள்வதாக மதினி சொன்னாள். என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார். கப்பல் கிடைக்காத மாதங்களும் உண்டு. நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்திருந்தேன். படித்தவள் வீட்டில் இருக்கலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். கைப்பிள்ளைக்காரி வேலைக்குப் போகலாமா என்று கேட்டவர்களும் அவர்களேதான்.

தோட்டத்துப் பூசணி விதையே என் கணவர் கொண்டுவந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏற்றிய காய் அது. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரியது, செம்மஞ்சள் நிறம். சமையலுக்கு வெட்டியபோது ஒரு கைப்பிடி விதையைக் கழுவிக் காயவைத்து, காகிதத்தில் மடித்து, ஊருக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. பூசணி மாதக்கணக்கில் கெடாது, கப்பலுக்கு ஏற்ற காய்.

"ஒரு காயி, ஒரு கப்பலுக்கு ஒரு வாரம். தொறமுகத்து ஜெட்டியில எறக்கி வச்சா மேல டெக்குல நிக்கற கேப்டன் கண்ணுக்கு அதோட கலரு தெரியணும்" என்பார்.

முதல் வருஷம் அந்தக் கொடிக்கு அவரே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். அப்படி விளைந்த காயைத்தான் நான் போன அன்று அறுத்தார்கள். அரிவாளைப் பிடித்தவள் இசக்கியம்மாள். பக்கத்து நெல்வயல் கிராமத்துக்காரி. தோட்ட வேலை முழுவதும் அவள் கையில்தான் நடந்தது.

"வெளியூர்ப் பொண்ணு நம்ம உப்புத் தண்ணிக்கும் வெயிலுக்கும் தாங்காதுன்னு, உள்ளூரு மாப்பிள்ளையாப் பாத்துக் கெட்டி வச்சேன். நாட்டுப் பூசணி. காயும் வந்திச்சி. உள்ள பாரு" என்றார் அண்ணாச்சி.

உள்ளே வரிசை வரிசையாக விதை இருந்தது. விரலால் அழுத்தினால் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டன. பருப்பு இல்லை. எல்லாம் பொக்கு.

"ஆயிரம் சிப்பிய ஏலத்துல எடுத்து ஒரு முத்துகூடக் காணாத ஆளு நான். அன்னைக்கு வந்த வயித்தெரிச்சலு இன்னைக்குத் திரும்ப வருது" என்றார்.

நான் பயந்துகொண்டே சொன்னேன். இதுவும் பூசணி, அதுவும் பூசணி என்று நாம் சொல்கிறோமே தவிர இரண்டும் வேறு வேறு இனம். கலந்தால் காய் திரண்டுவிடும். விதை பிடிப்பது அபூர்வம். காய் தாயின் சதை, அதற்குத் தகப்பனின் சாயல் வராது. தகப்பன் வந்து சேருவது விதைக்குள். அவன் யார் என்பது அந்த விதையைப் போட்டு அடுத்த வருஷம் காய் வரும்போதுதான் தெரியும். வெளியூர்ப் பெண்ணுக்கு வெளியூர் மாப்பிள்ளைதான் வேண்டும். நல்லவேளையாக, அந்த வெளிநாட்டுக் கொடிகளில் தன் பூவாலேயே காய்த்த காய்களின் விதை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அண்ணாச்சி இசக்கியம்மாளைப் பார்த்தார். "கேட்டியா? இத ஒரு வருசத்துக்கு முந்தி சொல்ல ஆளில்லாமப் போச்சே."

"சொன்னா நீங்க கேட்ருப்பியளாக்கும்" என்றாள் அவள்.

அன்றே வேலை கிடைத்தது. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். பூச்சிமருந்து தூவுகிற இடம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. நியாயம்தான். சரி என்றேன். இசக்கியம்மாள் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஒரு அறை ஏற்பாடானது. ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்குப் போய்வரலாம்.

மாப்பிள்ளை பார்ப்பது

வேலையைச் சொல்கிறேன். கார்த்திகையில் விதை ஊன்றி எட்டுக் கொடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட தகடு. முதல் பிஞ்சை இருபது நாள் விட்டுப் பார்ப்போம். தினமும் காலையில் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுத வேண்டும். எந்தக் கொடி எவ்வளவு வேகமாகப் பெருக்கிறது, நிறம் எப்படி, காம்பு தடிமனா, தட்டினால் கெட்டிச் சத்தமா பொள்ளல் சத்தமா, எல்லாம் எழுத வேண்டும். பிறகுதான் யார் தாய், யார் தகப்பன் என்ற பேச்சு. தாயாகத் தேர்ந்தெடுத்த கொடியில் அந்த முதல் பிஞ்சைக் கிள்ளிவிடுவோம். கொடியின் சத்து முழுவதும் கிராஸ் செய்த ஒரே காய்க்குப் போக வேண்டும்.

தாய் யார் என்பதில் சண்டை வரவில்லை. ஏழாம் நம்பர் கொடி. அதன் பிஞ்சு நான் நூலைச் சுற்றி நிமிர்வதற்குள் பெருத்துவிடும்போல இருந்தது. நிறம்தான் மோசம். உப்பளத்தில் மழையில் நனைந்து அழுக்கேறிய உப்பு அம்பாரத்தின் நிறம். எட்டில் ஆறு கொடி இந்த வெளிறிய ஜாதிதான். செம்மஞ்சள் நிறத்தில் காய்த்தவை இரண்டு. மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும்.

ஐந்தாம் நம்பர் காய் பெரியது. மூன்றாம் நம்பர் காய் சோற்றுப்பானை அளவைத் தாண்டவில்லை. ஆனால் நிறம் வெந்த இறால் மாதிரி இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அஞ்சப் போடு. பெரிசுக்குப் பெரிசு" என்றார் அண்ணாச்சி.

"அஞ்சுக்குக் காம்போரத்துல விரிசல் விடுது அண்ணாச்சி. அந்தக் கொணம் பிள்ளைக்கும் வந்துட்டுன்னா கப்பல்ல ஒரு வாரத்துல அழுகிரும்" என்றேன்.

"மூணு பொடிப்பயலா இருக்கானே."

"பெரிசாகுறத ஏழு குடுக்கும். கலரையும் கெட்டித் தோலையும் மூணு குடுக்கட்டும். ரெண்டு பேருகிட்டயும் ஒரே கொணத்தத் தேடக் கூடாது."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "என் மகளுக்கு மாப்பிள்ள பாத்தப்பகூட நான் இவ்வளவு யோசிக்கல."

இசக்கியம்மாள் சிரிக்காமல் சொன்னாள்: "அது எல்லாருக்கும் தெரியும்."

மூன்று என்று முடிவாயிற்று. அன்று ராத்திரியே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சின்னக் காயின் குணமும் சேர்ந்து வந்தால்? நோட்டைப் புரட்டினேன். மறுநாளும் புரட்டினேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், இந்தச் சந்தேகம் போகாது. ஒரு காரணத்தை நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். அதற்கு மேல் கேள்விக்குப் பதில் அடுத்த வருஷம்தான்.

கிராஸ் செய்கிற முறை இது. நாளை விரியப்போகும் மொட்டு, முந்தின நாள் சாயங்காலம் நுனியில் மஞ்சள் காட்டும். இருட்டுவதற்கு முன் பெண்மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட வேண்டும். ஆண்மொட்டையும் அப்படியே. காலை ஆறு மணிக்குத் தேனீ வந்துவிடும். அதற்கு முன்னால் நாம் போய், ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, பெண்பூவின் கட்டை அவிழ்த்து, மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்டி, லேபிள் தொங்கவிட வேண்டும். லேபிளில் தாயை முதலில் எழுதுவோம். ஏழு கிராஸ் மூணு.

பூ விரியும் நேரமும் பிள்ளை விழிக்கும் நேரமும் ஒன்று. ஐந்தரை மணிக்குக் கொடியருகே குனிந்தால் பால் சுரந்து என் ரவிக்கை நனைந்துவிடும். இசக்கியம்மாள் ஒருநாள் அதைப் பார்த்தாள். தன் பழைய சேலையில் நான்கு துண்டு கிழித்து என் அறைத் துணிக்கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஏழாம் நம்பர் கொடி எங்களை மிகவும் படுத்தியது. மூன்று பெண்பூக்களுக்குத் தடவினேன். மூன்றும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. பூவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்த மூன்று வாரமும் நான் மணப்பாட்டுக்குப் போகவில்லை. மாசி பிறந்துவிட்டது. வெயில் இன்னும் ஏறினால் பிஞ்சு நிற்காது.

அண்ணாச்சி ஒருநாள் ரோட்டோரம் மருந்து வாடை வராத மூலையில் நின்று கையை நீட்டிக் காட்டினார். "ஏழுல நல்ல வெத எடுத்துக் குடு. இங்கன பத்துக்குப் பன்னெண்டுல ஒரு வீடு கெட்டித் தாரேன். பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. இசக்கி மக பாத்துக்கிடுவா."

அந்த இடத்தில் வெறும் எருக்கஞ்செடிதான் இருந்தது. நான் தொட்டில் எங்கே கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணி

ஏழாம் நம்பரில் நான்காவது பெண்மொட்டு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பார்த்தபோது ஞாயிறு காலை விரியும் என்று தெரிந்தது. அதற்கு மேலே கொடியில் வேறு பெண்மொட்டு இல்லை.

இரண்டரை மணி இருக்கும். உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வந்த லாரி ரோட்டில் நின்றது. டிரைவர் வேலியோரம் வந்து கூப்பிட்டார். "இங்க செலினுங்கது யாரும்மா? மணப்பாட்டுல இருந்து சொல்லிவிட்டாவ. பிள்ளைக்குக் காய்ச்சலாம். பாலு குடிக்க மாட்டேங்காம்."

மூன்றேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். இசக்கியம்மாள் அன்று ஒரு சாவுக்குப் போயிருந்தாள். நானே பெண்மொட்டைக் கட்டினேன். மூன்றாம் நம்பரில் இரண்டு ஆண்மொட்டையும் கட்டினேன். காலையில் நேரம் மிச்சமாகும் என்று லேபிளையும் அப்போதே எழுதி, அந்தப் பூவின் காம்பில் மாட்டிவிட்டு ஓடினேன்.

மூன்று மணிக்குக் கட்டியது தவறு. மொட்டு சாயங்காலத்துக்கு மேல்தான் முழுதாகப் பருக்கும். சீக்கிரம் கட்டினால் நூல் நழுவும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். செய்யாத வேலைக்கு லேபிள் எழுதியது அதைவிடப் பெரிய தவறு.

மணப்பாட்டில் போய் இறங்கும்போது கோயிலில் சாயங்கால மணி அடித்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மதினி அமலியை மடியில் போட்டிருந்தாள். காய்ச்சல் விட்டு நெற்றி வேர்த்திருந்தது. பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அதுக்குள்ள வந்துட்டியா? மத்தியானம் நெருப்பாக் கொதிச்சா. இப்பந்தான் குடிக்கா" என்றாள் மதினி.

நான் கையை நீட்டினேன். அமலி என்னைப் பார்த்தாள். மூன்று வாரம் என்பது அவள் வயதுக்கு எவ்வளவு நீளம் என்று நான் கணக்குப் போடவில்லை. முகத்தைத் திருப்பி மதினியின் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஒறக்கச் சடவு. விடியட்டும்" என்றாள் மதினி.

விடியும்வரை இருந்தால் பூ போய்விடும். முதல் பஸ்ஸில் ஏறினேன். திருச்செந்தூரில் மாறி, தோட்டத்துக்கு வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. ஏழாம் நம்பரின் பெண்பூ முழுதாக விரிந்து கிடந்தது. நூல் கீழே இலைமேல் வட்டமாக விழுந்திருந்தது. உள்ளே தேனீ இல்லை. வந்து போயிற்றா, வரவே இல்லையா, தெரியாது. மூன்றாம் நம்பர் ஆண்பூக்கள் கட்டுக் கலையாமல் இருந்தன. ஒன்றைப் பறித்துத் தடவினேன். பெண்பூவை மறுபடி கட்டினேன். லேபிள் முந்தின நாளிலிருந்தே அங்கே இருந்தது. அதை மட்டும் நான் தொடவில்லை.

அந்தப் பிஞ்சு நின்றுவிட்டது.

சுண்ணாம்புக் கோடு

ஐம்பது நாள் அந்தக் காய் வளர்ந்ததைப் பற்றி எழுத எனக்குப் பிரியமில்லை. நோட்டில் ஒவ்வொரு நாள் அளவும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஆத்தூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். என் கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கடிதம் போட்டிருந்தார். பூசணி எப்படி இருக்கிறது, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அதே வரிசையில் கேட்டிருந்தார். இரண்டும் நன்றாக வளர்கின்றன என்று பதில் எழுதினேன். மதினி வீட்டில் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தாள். மதினியை அம்மா என்றாள். என்னை, பஸ்ஸில் வருகிறவள் என்பதால், பஸ்ஸம்மா என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்த நாளெல்லாம், தேனீ வந்திருக்காது என்ற எண்ணமும் கூடவே வந்தது. அந்த எண்ணம் உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

பங்குனியில் காயை அறுத்தார்கள். நான்கு பேர் தூக்கிச் சாக்குத் தராசில் வைத்தார்கள். எழுபது கிலோவுக்கு ஒரு கிலோ குறைவு. அதே நேரத்தில் ரோட்டோரம் கொத்தனார் எருக்கஞ்செடியை வெட்டிவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு. வாசலுக்கு மூன்றடி விட்டிருந்தார்.

இசக்கியம்மாள் காயைப் பிளந்தாள். விதை ஒவ்வொன்றும் பருப்போடு தடித்து இருந்தது. அண்ணாச்சி ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, வாயில் போட்டு மென்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இசக்கி, ஒனக்கு அம்பது வெத. முக்காணி ஊருத் தோட்டக்காரனுக்கு அம்பது" என்றார்.

"அடுத்த பிசானப் பருவத்துக்குக் கால்வாசி வயல்ல நெல்லு போடல அண்ணாச்சி. எங்க வீட்டு ஆளும் சரின்னுட்டாரு" என்றாள் இசக்கியம்மாள்.

அவள் கை முழுவதும் பூசணி நார். அந்தக் கையால் விதையைத் தன் முந்தானை நுனியில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இந்த வெதைய யாருக்கும் குடுக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"தடவுன அன்னைக்கு நான் வரும்போது பூ விரிஞ்சி கெடந்திச்சி. ஏழரை மணி. நூலு கீழ கெடந்திச்சி."

அவர் லேபிளை எடுத்துப் பார்த்தார். "ஏழு கிராஸ் மூணுன்னு போட்டிருக்கே. ஒன் கையெழுத்துதான?"

"நான் எழுதுனதுதான். முந்தின நாளே எழுதிட்டேன்."

"அம்பது நாளா எங்க போயிருந்த நீ?"

அவர் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் லேபிளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஈ வந்ததக் கண்ணால பாத்தியா?"

"பாக்கல."

"அப்பம் வரலன்னே வச்சிக்கிடுவோம். நாம மூணு பேருதான் இருக்கோம்."

எனக்கு அந்த வாசல் தெரிந்தது. மூன்றடி. அமலி அதன் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் போனேன் என்று இசக்கியம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

"அப்பிடி வச்சிக்கிட முடியாது அண்ணாச்சி. வெளிறுன கொடி ஆறு கெடக்கு. அதுல எது வந்து விழுந்திச்சோ. இசக்கியம்மா நெல்லுக்குப் பதிலாப் போடப் போறா" என்றேன்.

இசக்கியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விதைகளைத் திரும்பத் தட்டில் கொட்டினாள்.

அண்ணாச்சி பென்சிலைக் கேட்டு வாங்கினார். லேபிளில் மூணு என்ற எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் ஓப்பன் என்று எழுதினார். தகப்பன் தெரியாத விதைக்கு எங்கள் வேலையில் எழுதும் சொல் அது. பிறகு ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ கொத்தனாரே, நிறுத்திக்கிடும். அடுத்த வருசம் பாப்போம்."

அவர் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல விதைக்கு வீடு என்பதுதான் பேச்சு.

இசக்கியம்மாள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு எங்க தெரியப் போவுது எம்மா?"

"அதுனாலதான் சொன்னேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போற?"

அந்த ஞாயிறு மணப்பாட்டுக்குப் போய் மதினியிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருசந்தான? கெடக்கட்டும். எனக்கென்ன பாரமா" என்று சொல்லிவிட்டு வேகமாகக் குசினிக்குள் போனாள். அவள் முகத்தை நான் பார்த்துவிட்டேன். சந்தோஷத்தை மறைக்கத்தான் உள்ளே போனாள். அவளைக் கோபிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் கொடுக்காத பாலைக் கொடுத்தவள்.

சுண்ணாம்புக் கோடு சித்திரை மழை வரைக்கும் இருந்தது. பஸ்ஸுக்குப் போக வேறு வழி இல்லாததால் வாராவாரம் அதைத் தாண்டித்தான் போனேன்.

நாலு கொடி

அடுத்த பருவத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். ஏழாம் நம்பரின் கணுவை மண்ணில் பதித்து வேர்விடவைத்துக் காப்பாற்றிய கொடி தாய். மூன்றாம் நம்பர் வாரிசு தகப்பன். மொட்டை இருட்டும் நேரத்தில் நான் கட்டினேன், இசக்கியம்மாள் இழுத்துப் பார்த்தாள். காலையில் கட்டு அப்படியே இருப்பதை இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் அவிழ்த்தோம். லேபிளைத் தடவி முடித்த பின்பே எழுதினேன். இரண்டு காய் நின்றது. விதை பிடித்தது. இந்தப் பங்குனியில் வீடு கட்டி முடிந்தது. சித்திரையில் அமலி வந்தாள். அவளுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம்.

இன்னொன்றும் நடந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அந்த ஓப்பன் விதையில் நான்கை மட்டும் தோட்டத்துக் கோடியில் ஊன்றச் சொன்னார் அண்ணாச்சி. பூ மற்றதோடு கலக்காமல் இருக்க, தினமும் அந்தக் கொடிகளின் ஆண்மொட்டைக் கிள்ளிவிட்டோம். நான்கும் காய்த்தன. வெளிறிய காய் ஒன்றுகூட இல்லை. நான்கும் செம்மஞ்சள். காம்போரத்தில் விரிசல் இல்லை. நல்ல பருமன்.

அண்ணாச்சி நான்கையும் தட்டித் தட்டிப் பார்த்தார். "மூணாம் நம்பரு மொகம் அப்பிடியே இருக்கு. அன்னைக்கு ஈ வரல செலினு. நீ சும்மா இருந்திருக்கலாம்."

இருக்கலாம். தேனீ வராமலே இருந்திருக்கலாம். வந்த தேனீ மூன்றாம் நம்பரின் கட்டாத பூ ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். நான்கு கொடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்துக் கொடி போட்டிருந்தால் இரண்டு வெளிறி வந்திருக்குமோ என்னவோ. இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் பாடம் இதுதான். சாயங்காலம் கட்டுங்கள், மத்தியானம் கட்டாதீர்கள். வேலை முடியும் முன் லேபிள் எழுதாதீர்கள். பூ விரிந்திருந்ததைப் பார்த்தால் அன்றைக்கே ஓப்பன் என்று எழுதிவிடுங்கள், ஐம்பது நாள் கழித்து அல்ல. நான் அன்றைக்கே எழுதியிருந்தாலும் வீடு வந்திருக்காதுதான். ஆனால் தொட்டில் கட்டும் இடத்தை அந்த ஐம்பது நாளும் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் அதேபோலச் சொல்வாயா என்று என்னைக் கேட்டால், சொல்வேன். சில நாட்களில் இந்தப் பதில் உடனே வருகிறது. சில நாட்களில் கொஞ்சம் நேரம் ஆகிறது.

இதை வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வைகாசிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க, நூல் உருண்டையை மேலே வைத்திருக்கிறேன். மணப்பாட்டுக்கு நான் போய்வந்த திருச்செந்தூர் பஸ் சாயங்காலம் ஆறரைக்கு இந்த வழியாகப் போகும். அமலிக்கு அந்த நேரம் தெரியும். மூன்றடி வாசலின் நடுவில் வந்து நின்றுகொள்வாள்.

இன்றைக்கும் வந்து நின்றாள். "அம்மா" என்று கூப்பிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இந்தச் சொல்லை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். பென்சிலை வைத்துவிட்டு, என்ன என்று திரும்பினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பஸ் போன ரோட்டைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டாள்.